அப்பா தேடிய துண்டு

எங்கள் குடும்பத்தில் நெஞ்சு நோவு என்று ஒன்று கிடையாது. எல்லாம் வாய்வு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையும் அப்பா நெஞ்சைத் தடவியபடி, "வாய்வு பிள்ளை, கொஞ்சம் இஞ்சித் தேத்தண்ணி போடு" என்றுதான் சொன்னார். போட்டுக்கொண்டு வருவதற்குள் அவருடைய சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. இடது கையைத் தூக்க முடியவில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில், நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டா. அண்ணன்மார் இருவரும் கனடாவில். அப்பாவைப் பார்த்துக்கொள் என்று ஞாயிறு தோறும் போனில் சொல்வது அவர்களுடைய பங்கு. பார்ப்பது என் பங்கு.

கீழே ஓடிப்போய் ஒரு ஓட்டோவை மறித்து நிற்கச் சொல்லிவிட்டு மேலே வந்தால், அப்பா கதிரையில் இல்லை. சுவரைப் பிடித்தபடி அலுமாரியைத் துழாவிக்கொண்டு நிற்கிறார்.

"அந்தப் பொலிஸ் துண்டு எங்க?"

யுத்த காலம் அது. வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று கொழும்புத் தமிழர் பொலிசில் பதிய வேண்டும். பெயர்கள் எழுதி முத்திரை குத்திய அந்தத் தாளைத்தான் துண்டு என்போம். வடக்கு விலாசத்தோடு அது இல்லாமல் காவலரணில் அகப்பட்டால் உள்ளேதான். செருப்பில்லாமல் வெளியே போனாலும் போவோம், அது இல்லாமல் போகமாட்டோம்.

"அதைப் பிறகு பாப்பம். வாங்கோ அப்பா."

"அது இல்லாமல் நான் வரமாட்டன்."

அரசாங்கக் கந்தோரில் காலமெல்லாம் கிளாக்கராக இருந்த மனிதர். பிடித்தால் பிடித்ததுதான். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? நானும் தேடினேன். மெத்தைக்குக் கீழே, சாமிப் படத்துக்குப் பின்னால், அரிசி வாளிக்கு அடியில். உதவிக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே ஆள் நடக்கும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. அந்த நாட்களில் தட்டுவது யாரென்று யாருக்குத் தெரியும்.

கடைசியில் பஞ்சாங்கத்துக்குள் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அவரே வைத்தது. இருபது நிமிடம் போயிருந்தது.

நோவு தொடங்கி இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் கேட்டார். டிராஃபிக் என்றேன். ஞாயிறு காலை காலி வீதியில் டிராஃபிக். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்பாவை உள்ளே கொண்டுபோனார். மாரடைப்பு, பிந்திவிட்டது, சில நாள் போனால்தான் எதுவும் சொல்லலாம் என்றார்கள். வெளியே காத்திருந்த மற்றவர்களுக்குச் சோற்றுப் பார்சலும் சொந்தக்காரரும் வந்துகொண்டே இருந்தார்கள். எனக்குப் பக்கத்துக் கதிரையில் அப்பாவின் செருப்புப் பை இருந்தது. விடியும்வரை அப்படியே இருந்தேன்.

அடுத்த நாள் பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். நெஞ்சு நிறைய வயர்கள். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்கட அடையாள அட்டையில கொழும்பு விலாசம்தானே. உங்களுக்கு என்னத்துக்கு அப்பா துண்டு?"

"எனக்கில்ல." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "உன்ர அட்டையில யாழ்ப்பாண விலாசமெல்லோ. என்னை இஞ்ச ஆஸ்பத்திரியில மறிச்சுப்போட்டால் நீ தனியத்தானே திரும்பிப் போகோணும்."

போர்வையை இழுத்து அவருடைய காலை மூடிவிட்டேன்.

உடுப்பு மாற்ற அன்று பின்னேரம்தான் வீட்டுக்குப் புறப்பட்டேன். வழியில் காவலரணில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். ஒரு இராணுவக்காரன் என் அட்டையைப் பார்த்தான். யாழ்ப்பாணமா என்று கேட்டான். கைப்பையிலிருந்த துண்டை நீட்டினேன். ஆறுதலாக, ஒவ்வொரு பெயராக வாசித்தான்.

"இதில் இரண்டு பேர் இருக்கிறதே" என்றான் சிங்களத்தில். "மற்றவர் எங்கே?"

வருவார் என்றேன். அவன் துண்டை மடித்துத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான். நான் இன்னொரு முறையும் சொன்னேன், வருவார் என்று.