மாவு மில் மைமூன் அக்காவும், பின்னறையில் இருக்கும் உங்கள் சாமான்களும்

மைமூன் அக்கா இறந்துவிட்டார்.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில் மாவு மில் வைத்திருந்த அக்கா. நேற்றுக் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே... இன்று அடக்கம் முடிந்துவிட்டது.

இதை எழுதுவது அம்மா இல்லை. அம்மாவின் போனில், அவர் தூங்கிய பிறகு, அவருடைய மகள் நான் எழுதுகிறேன். ப்ளஸ் ஒன் படிக்கிறேன். தெரிந்தால் திட்டுவார். போர்வைக்குள் இருந்து டைப் பண்ணுவதால் தப்பிருந்தால் மன்னிக்கவும்.

அம்மாவின் இந்த அக்கவுண்டில் நண்பர்களாக இருக்கும் பலருக்கு மைமூன் அக்காவைத் தெரியும். உங்களில் சிலருடைய சாமான்கள் இன்னும் மில்லின் பின்னறையில்தான் இருக்கின்றன. அதற்காகத்தான் எழுதுகிறேன். கடைசி வரை படியுங்கள், ப்ளீஸ்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டைக் காலி பண்ணச் சொல்லி, அடுத்த வீடு அமையாமல் நடுவில் மாட்டிக்கொண்டவர்களின் சாமான்களை அக்கா தன் மில்லில் வைத்துக்கொள்வார். வாடகை என்று எதுவும் கேட்டதில்லை.

எங்களுக்கு அக்கா அறிமுகமானதே அப்படித்தான். ஹவுஸ் ஓனர் எங்கள் சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட்டார். மழை வேறு தூற ஆரம்பித்துவிட்டது. நானும் அம்மாவும் மட்டும்தான். பிளாட்பாரத்தில் பீரோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

எதிரே மில்லிலிருந்து, தலைமுடி, புருவம் எல்லாம் மாவாக ஒருவர் வந்தார். "இன்னாம்மா, ரோட்ல கண்காட்சி போட்டுக்கினு நிக்கிற? உள்ள எட்தா."

"ஒரே ஒரு நாளைக்குத்தாங்க..." என்றார் அம்மா.

"நான் தேதி கேட்டனா?"

பீரோவை முதலில் தூக்கப் போனோம். அக்கா விடவில்லை. "அடுப்பு எங்க கீது? அது கடசியா போவட்டும், எல்லாத்துக்கும் மேல. எந்த வூட்டுக்குப் போனாலும் அதான் மொதல்ல எறங்கணும். பீரோ வந்து இன்னா, சோறாக்கப் போவுதா?"

அம்மா அன்று அழுதுகொண்டே சிரித்தார். அன்றிலிருந்து அம்மாவுக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா.

எல்லாருடைய மூட்டையிலும் அடுப்புதான் மேலே இருக்கும். மில்லின் பின்னறைக்குள் போனால், மாவு படிந்த அடுப்புகளாகத்தான் கண்ணில் படும்.

வீடு அமையும் வரை நாங்கள் தெரிந்தவர்கள் வீட்டில் படுத்துக்கொண்டோம்; என் யூனிஃபார்மும் மில்லில்தான் இருந்தது. மிளகாய் அரைத்த மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன்... எங்கள் பெஞ்ச் முழுக்கத் தும்மல். "ஏய், நீ என்னடி மிளகாய் குடோன்லயா குடியிருக்க?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

அக்காவிடம் சொன்னேன். "மிஸ்ஸும் தும்முனாங்களா?"

"ஆமாக்கா."

"அப்ப சரி. அடுத்த வாட்டி மல்லி அரைக்கிறேன், ஜம்முனு வாசனையா போ." அப்படிச் சொல்லிவிட்டு, என் யூனிஃபார்மை எடுத்துத் தன் வீட்டு பீரோவில் தன் புடவைகளோடு வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் தும்மவில்லை.

கூடுவாஞ்சேரியில் எங்களுக்கு ஒரு ரூம் கிடைத்தபோது, அக்கா மில்லை மூடிவிட்டு டிரெயினில் வந்தார். கையில் ஒரு பால் பாக்கெட். பால் காய்ச்ச வேண்டுமாம்.

"அக்கா, ஓனர் கொஞ்ச மாசத்துல வித்துடுவேன்னு சொல்லிட்டுத்தான் குடுத்திருக்காரு. இதுக்குப் போய் எதுக்குக்கா பாலு?" என்றார் அம்மா.

"பாலுக்கு அக்ரிமென்ட்லாம் தெரியுமா? அடுப்பப் பத்த வை."

பொங்கி வழிந்தது. வேண்டுமென்றே விட்டார். அடுப்பைத் துடைத்தது நான்தான். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து குடித்தோம்... அக்காவுக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல்.

சொன்னபடியே ஓனர் விற்றுவிட்டார். திரும்ப வந்தோம். மில்லுக்கு மேலே இருக்கும் சின்ன ரூமை அக்கா திறந்துவிட்டார். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். இது என் ஸ்கூலில் யாருக்கும் தெரியாது. இனி தெரியும்.

அக்காவின் தம்பி ஊரிலிருந்து வந்திருக்கிறார். நல்ல மனிதர்தான், அழுதுகொண்டே இருக்கிறார். பின்னறையைப் பார்த்துவிட்டு, "எதுக்கு அக்கா இவ்ளோ பழைய சாமான் சேத்து வெச்சிருக்கு?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக் கடை வண்டிக்குச் சொல்லியிருக்கிறார். அதோடு மில்லையும் பூட்டி, சாவியைக் கட்டட ஓனரிடம் கொடுத்துவிடுவாராம்.

அது மற்றவர்களின் சாமான் என்று அம்மா சொல்லவில்லை. சொன்னால், நாங்களும் அப்படித்தான் சும்மா வந்து தங்கியிருக்கிறோம் என்று தெரிந்துவிடும். நாளைக்கே இறங்கச் சொல்லிவிட்டால்? "அடுத்த வீடு கிடைக்கிற வரைக்கும் வாயத் திறக்காத" என்று என்னிடம் கெஞ்சினார். அம்மாவின் மேல் தப்பில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் மயில் ஸ்டிக்கர் ஒட்டிய பச்சை பீரோ, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனி வேலைக்குப் போன செல்வி அக்காவுடையது. ஒரு கால் ஆடும் தையல் மெஷின், ஷகிலா அக்கா, உங்களுடையது. நீங்கள் அதற்காக வருவீர்கள் என்று அக்கா அதன் மேல் எதையும் வைக்க விடமாட்டார்.

சனிக்கிழமைக்குள் வாருங்கள். மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். எது யாருடையது என்று எனக்குத் தெரியும், அக்காவோடு சேர்ந்து அடுக்கியது நான்தான். காலையில் அக்காவின் தம்பியிடம் இதையெல்லாம் நானே சொல்லிவிடுகிறேன்.

மைமூன் அக்கா... எங்கள் சாமான்களையும் கட்டிவிட்டேன்.

அடுப்பு மேலே இருக்கிறது. போய் வாருங்கள் அக்கா.