லவெண்டா அம்மாவின் எண்

தனியுரிமைக் கொள்கை எழுதித் தருகிறவள் என்று சொன்னால் கென்யாவின் ககமேகா ஊரில் பாதிப் பேருக்கு ஒன்றும் புரியாது. மீதிப் பேர் வக்கீல் என்று நினைத்து நிலத் தகராறைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். மினாயோ வக்கீல் இல்லை. ஒரு வக்கீலிடம் பதினேழு வருஷம் தட்டச்சு செய்தவள். அவர் கண்ணை மூடியதும் அலுவலகத்தையும் மூடிவிட்டார்கள். கணவன் மொம்பாசாவுக்கு வேலைக்குப் போனவன், அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு திரும்பவே இல்லை. பிள்ளை இல்லை. நாற்பத்தாறு வயதில் அவளுக்கு மிஞ்சியது ஒரு பழைய கணினியும் சட்ட வாசகம் எழுதத் தெரிந்த கையும்தான்.

நல்லவேளை, வாடிக்கையாளரின் விவரங்களை எதற்கு வாங்குகிறோம், எத்தனை நாள் வைத்திருப்போம் என்று கடைக்காரர்கள் தங்கள் வெப்சைட்டில் எழுதிப் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. பலர் காப்பியடித்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருவர் ஏதோ விடுதியின் கொள்கையை அப்படியே எடுத்துப் போட்டு, எந்த அறையில் யார் தங்கினார்கள் என்பதை வெளியே சொல்லமாட்டோம் என்று ஊருக்கே வாக்குக் கொடுத்திருந்தார். மினாயோ அப்படிச் செய்யமாட்டாள். கடைக்கே போய் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு எழுதுவாள். ஒரு நாளில் முடிகிற வேலைக்கு நாலு நாள் போவாள். எல்லாம் வேலைக்காகத்தான் என்று நான் சொன்னால் அது பொய். பேச ஆள் கிடைக்கிறதே, அதை யார் விடுவார்கள்? மரக்கடை, கோழிக்குஞ்சு விற்பவர், கார் ஓட்டக் கற்றுத்தருபவர் என்று பதினோரு பேருக்கு எழுதியாயிற்று. அவற்றில் ஒன்றையாவது யாராவது படித்தார்கள் என்ற தகவல் இதுவரை இல்லை.

பன்னிரண்டாவது, லியோன் அம்மாவின் பார்லர். தலை பின்னிவிடுவதில் ஊரிலேயே பேர்போன இடம். டிசம்பரில் நைரோபியிலிருந்து ஊருக்கு வருகிற பெண்கள் முன்கூட்டியே நேரம் குறிக்கட்டும் என்று வெப்சைட் திறந்தாள். ஆறு வருஷமாக மினாயோ சனிக்கிழமைதோறும் அங்கேதான் இருப்பாள். தலை பின்னுவது மாதம் ஒரு தடவைதான். மற்ற சனிக்கிழமைகளில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, லியோன் அம்மா தரும் பால் டீயைக் குடித்து, ஊர் வம்பு கேட்டுவிட்டு வருவாள். வாரத்தில் அவள் வயிறு குலுங்கச் சிரிப்பது அந்த ஒரு நாள்தான்.

"வாடிக்கையாளரோட முழுப் பெயர் வாங்குறீங்களா?" என்று தாளும் பேனாவுமாகக் கேட்டாள் மினாயோ.

லியோன் அம்மா போனை நீட்டினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு எண்கள். பிரையன் அம்மா, ஷாரன் அம்மா, இரட்டைப்பிள்ளை அம்மா, சின்ன பிரையன் அம்மா. பிள்ளை பிறந்துவிட்டால் அந்த ஊரில் அம்மாவுக்கு அதுதான் பேர்.

"இதுல ஒருத்தி பேர்கூட இல்லையேடி! எல்லாம் பிள்ளைங்க பேரு. பிள்ளைங்க விவரம் வாங்கணும்னா பெத்தவங்க சம்மதம் வேணும்னு சட்டத்துல இருக்கு."

"பெத்தவளே வந்து நின்னு சொல்றா. அதுக்கு மேல என்ன சம்மதம், பிள்ளையோட கைநாட்டா?"

பின்னிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துச் சாய்ந்தார்கள். மினாயோவும் சிரித்துக்கொண்டே எழுதினாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை பல வருஷமாக எல்லாருக்கும் தானாகப் போகிற குறுஞ்செய்தியையும் குறித்துக்கொண்டாள். 'ஷாரன் அம்மா, உங்க தலை எங்களைத் தேடுது, வாங்க' என்று அவரவர் பெயரோடு போகும். ஐந்தாவது பத்தியில், இரண்டு வருஷம் வராதவர்களின் விவரங்களை நீக்கிவிடுவோம் என்று போட்டாள். லியோன் அம்மாவும் சட்டத்துக்குப் பயந்து நாற்பத்தேழு எண்களை அன்றைக்கே அழித்தாள். கேள்வி கேட்பவர்கள் அழைக்க வேண்டிய எண் என்ற இடத்தில் மட்டும் முறைத்தாள்.

"எழுதினவ நீ. எவளாவது கேட்டா நீயே பதில் சொல்லு. உன் நம்பரைப் போடு."

மினாயோ மறுக்கவில்லை. உள்ளுக்குள் சந்தோஷம்தான். யாராவது கூப்பிட்டால் நல்லதுதானே.

ஐந்து வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மினாயோ கீரையும் உகாலிக் களியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கையைக் கழுவாமலே எடுத்தாள்.

"பார்லர் வெப்சைட்ல இந்த நம்பர் இருந்துச்சு," என்றது ஒரு பெண் குரல். "அடியில இருக்கிறதை முழுசாப் படிச்சேன். ரெண்டு தடவை."

"முழுசாவா?" மினாயோ தட்டைத் தள்ளி வைத்தாள். அவளுடைய முதல் வாசகி.

"ரெண்டு வருஷம் வராதவங்களை நீக்கிடுவோம்னு இருக்கே, அதுல என்னையும் நீக்கிட்டீங்களா? இந்த மாசம் எனக்கு மெசேஜ் வரலை. லவெண்டா அம்மான்னு போட்டு வரும்."

"நீக்கியிருப்பாங்க அம்மா. உங்க நல்லதுக்குத்தான் அந்தச் சட்டம்..."

"லவெண்டா செத்து மூணு வருஷம் ஆச்சு," என்றாள் அந்தப் பெண். "அதுக்கப்புறம் நான் முமியாஸ் பக்கம் வந்துட்டேன். இங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்க. எனக்கு வலிக்குமேன்னு ஒருத்தரும் அந்தப் பேரைச் சொல்றதில்லை. எடினான்னுதான் கூப்பிடுறாங்க. என் புருஷன்கூட. மாசத்துல ஒரு நாள், அந்த மெசேஜ்ல மட்டும்தான் நான் லவெண்டா அம்மா."

 மினாயோவுக்குச் சட்ட வாசகம் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "நான்தான் அதை எழுதினேன். மன்னிச்சுக்கோங்க," என்றாள். "திரும்பச் சேர்க்கச் சொல்றேன்."

"பார்லர்ல யாருக்கும் விஷயம் தெரியாது. தெரிஞ்சா அவங்களும் பாவம்னு நிறுத்திடுவாங்க. அதனாலதான் அங்க கூப்பிடாம உங்களைக் கூப்பிட்டேன். சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேன்."

வாக்குக் கொடுப்பது சுலபம். லியோன் அம்மாவிடம் காரணம் சொல்லாமல் ஒரு காரியத்தை வாங்குவதுதான் கல்லில் நார் உரிக்கிற வேலை. மழை விட்டதும் மினாயோ பார்லருக்குப் போய், எண்ணைக் கொடுத்து, லவெண்டா அம்மாவைத் திரும்பச் சேர்க்கச் சொன்னாள்.

"அழி அழின்னு நீதானே குதிச்சே? இப்ப இவளை மட்டும் எதுக்கு?"

"என் தப்பு. அவங்க சம்மதம் சொல்லிட்டாங்க. சேர்த்துடு."

"எங்க போனா அவ? அந்தப் பொண்ணு நல்லாப் பாடும், இப்பப் பெருசாயிருக்குமே? உன்கிட்ட என்ன சொன்னா?"

"அதைச் சொல்லக்கூடாது."

பின்னிக்கொண்டிருந்த கைகள் நின்றன. லியோன் அம்மா சீப்பைக் கீழே வைத்தாள்.

"ஆறு வருஷமா என் டீயைக் குடிக்கிறே. என் புருஷன் குடிச்சிட்டு விழுந்த கதையெல்லாம் உனக்குத் தெரியும். என்கிட்டயா மறைக்கிறே? இரு, அவளையே கேட்டுக்கிறேன்." போனைக் கையில் எடுத்தாள்.

மினாயோ அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "மெசேஜுக்கு மட்டும்தான் அவங்க சம்மதம். நீ கூப்பிட்டா, உன் மேல நானே புகார் எழுதுவேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாய்விட்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் லியோன் அம்மா அழுதிருப்பாள், கட்டிப்பிடித்திருப்பாள், டீ வந்திருக்கும். மறுநாள் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். மினாயோ பிடித்த கையை மட்டும் விட்டாள்.

லியோன் அம்மா எண்ணைச் சேர்த்து, திரையை அவள் முகத்துக்கு நேரே காட்டினாள். "போதுமா, மேடம்?" ஆறு வருஷத்தில் அவள் மினாயோவை மேடம் என்று அழைத்ததில்லை. "சனிக்கிழமையில இனிமே கூட்டம் அதிகம். உக்கார இடம் இருக்காது."

அடுத்த மாதத்தின் முதல் சனிக்கிழமை மினாயோ வீட்டிலேயே இருந்தாள். துணி துவைத்தாள். பத்து மணிக்குச் செய்தி போகும் என்று அவளுக்குத் தெரியும். பத்தேகாலுக்கு போன் அடித்தது.

"வந்துடுச்சு," என்றாள் அந்தப் பெண். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "நன்றிம்மா. இனிமே உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டேன்."

தொந்தரவு பண்ணுங்களேன் என்று சொல்ல மினாயோவுக்கு வாய் வரை வந்தது. அதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டாள்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். அந்த எண் திரையிலேயே இருந்தது. கேட்ட காரியம் முடிந்ததும், அழைத்தவரின் எண்ணை அழித்துவிடுவோம் என்பது அவள் எழுதிய ஒன்பதாவது பத்தி. அதை யாரும் வந்து சரிபார்க்கப் போவதில்லை. வைத்துக்கொண்டால், என்றாவது ஒரு மத்தியானம் சும்மா கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா என்று கேட்கலாம்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழித்தாள்.