பூனைக் கூட்டமும் தனலட்சுமி டீச்சரும்

கூடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஊட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நடுவட்டத்தில் பஸ் நின்றபோது பள்ளியின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. ‘நம் பள்ளிக் குடும்பத்தின் முன்னாள் ஆங்கில ஆசிரியை திருமதி தனலட்சுமி இயற்கை எய்தினார்.’ கீழே ஒரு குத்துவிளக்குப் படம். அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். தனலட்சுமி திருமதி அல்ல, அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அந்தக் குழுவிலும் அவர் இல்லை. வேலையை விட்டு அனுப்பிய அன்று மாலையே அவரை அதிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இதைப் படிக்கும் பழைய மாணவர்களான உங்களில் பாதிப் பேர் அவரிடம் ஆங்கிலம் படித்தவர்கள். நான் அதே பள்ளியில் தமிழ் ஆசிரியன். ஆசிரியர் அறையில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவருடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்டவர்கள். அவர் பிறந்தது, படித்தது எல்லாம் இந்த மலையில்தான். ஆனாலும் கடைசிவரை பலருக்கு அவர் ‘சிலோன்கார டீச்சர்’.

விடுதிச் சமையலறைக்குப் பின்னால் பூனைகள் பெருகிய வருடம் அது. சமையல்காரர் கம்போடு துரத்துவதை ஜன்னல் வழியாகப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். பாடத்தை நிறுத்திவிட்டு, பூனைக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று கேட்டார் டீச்சர். யாருக்கும் தெரியவில்லை. ‘கிளவுடர்’ என்று சொல்லிக்கொடுத்தார். பால் உறைந்து கட்டி தட்டுவதைக் குறிக்கும் பழைய வினையிலிருந்து வந்த சொல் அது. முறைத்துப் பார்ப்பதால் ‘கிளேரிங்’ என்றும் சொல்வார்கள் என்றதும் வகுப்பு முழுக்க ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். குட்டிகளுக்கு ‘கிண்டில்’. நெருப்பு மூட்டுவது என்று பிள்ளைகள் நினைத்தார்கள். ஈனுவது என்பதற்கான பழைய சொல் அது என்று விளக்கினார்.

அன்று மதியம் என்னிடம் வந்தார். ஆட்டுக்கு மந்தை இருக்கிறது, பசுவுக்கு நிரை இருக்கிறது, தமிழில் பூனைக்கு என்ன என்றார். நான் யோசித்துப் பார்த்துவிட்டு, பொதுவாகக் கூட்டம் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை என்றேன். அவர் சிரித்தார்.

“மேய்க்கிறவனும் திருடுறவனும் வச்ச பேருங்க சார் அதெல்லாம். பூனைய யாரு மேய்க்கிறா? யாரு ஓட்டிட்டுப் போறா? அப்புறம் எதுக்குங்க பேரு?”

ஆங்கிலத்தில் மட்டும் எப்படி வந்தது என்று கேட்டேன். வேட்டைக்குப் போகிற பெரிய மனிதர்கள் ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு கூட்டப் பெயர் வைத்துக்கொண்டார்கள், அது தெரிந்தவன் கனவான், தெரியாதவன் பட்டிக்காட்டான் என்று ஆனது என்றார். இவ்வளவு பேசியவருக்குப் பூனை என்றாலே ஆகாது. பக்கத்தில் வந்தால் தும்மல் நிற்காது.

அந்த வருடம் மாவட்ட வினாடி வினாவுக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவருடையது. கடைசிச் சுற்றில் இருவர் எஞ்சினார்கள். ஒருவன் தாளாளரின் பேரன். இன்னொருத்தி காந்தலில் காய்கறிக் கடை வைத்திருப்பவரின் மகள். கேள்விகளை வெளியாள் ஒருவர் தயாரித்திருந்தார். கடைசிக் கேள்வி, பூனைக் கூட்டத்துக்கு என்ன சொல். பையன் ‘கிளவுடர்’ என்று எழுதினான். அந்தப் பெண் ‘கிளட்டர்’ என்று எழுதினாள். விடைக்குறிப்பில் இருந்தது முதல் சொல் மட்டும்தான். டீச்சர் இரண்டுக்கும் மதிப்பெண் போட்டார். அதனால், அதுவரை கொஞ்சம் முன்னால் இருந்த அந்தப் பெண்ணே ஜெயித்தாள்.

தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். அகராதியைக் கையில் எடுத்துக்கொண்டு போன டீச்சர் என்னையும் உடன் வரச் சொன்னார். இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை, பூனைக் கூட்டத்துக்கு இரண்டுமே வழக்கில் உண்டு என்று பக்கத்தைத் திறந்து காட்டினார். தாளாளர் அதைப் பார்க்கவே இல்லை.

“உங்க ஆளுகளுக்கு ஏதாச்சும் செய்யணும்னா வேற வழியில செய்யுங்க டீச்சர். இதுல வேண்டாம்.”

“எந்த ஆளுகங்க சார்? அந்தப் புள்ளைக்கும் எனக்கும் ஒரு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. சரியா எழுதுச்சு, மார்க் போட்டேன்.”

நான் அகராதியில் இருப்பதைப் படித்துக் காட்ட முயன்றேன். “நீங்க தமிழப் பாருங்க சார்” என்றார் தாளாளர். மதிப்பெண்ணைத் திருத்த டீச்சர் மறுத்துவிட்டார். வேறொருவரைக் கொண்டு திருத்தினார்கள். பேரன் மாவட்டப் போட்டிக்குப் போனான். அந்தப் பெண் மறுவருடம் வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆண்டுக் கடைசியில், அடுத்த வருடம் உங்களுக்கு வகுப்பு இல்லை என்று டீச்சரிடம் சொன்னார்கள். காரணம் சொல்லவில்லை.

அதன் பிறகு வேறு எந்தப் பள்ளியும் அவரை எடுக்கவில்லை. எங்கே போனாலும் அவருக்கு முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பு போய்ச் சேர்ந்திருந்தது. ஜெகதளாவில் அம்மாவோடு வாடகை வீட்டில் இருந்துகொண்டு டியூஷன் எடுத்தார். வயிற்றுவலியை வெளியே சொல்லாமல் பொறுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நோய் முற்றிவிட்டிருந்தது.

அங்கே போய்ப் பார்த்தேன். கை வெறும் எலும்பாக இருந்தது. குரல் மட்டும் பழைய குரல். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, பழையதையெல்லாம் மறந்துவிடுங்கள் டீச்சர், மனதுக்கு நல்லது என்றேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“மறந்துருன்னு சொல்ல வர்றவங்க எல்லாம் ஏனுங்க எங்கிட்டயே வர்றீங்க? அந்தாளுகிட்டப் போயி, நீ செஞ்சத ஞாபகம் வச்சுக்கோன்னு ஒருத்தராச்சும் சொன்னீங்களா?”

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கூடவே இருந்த அவருடைய அம்மா, ‘அவ தூங்கட்டுங்க’ என்று என்னை வெளியே அழைத்து வந்தார். அதுதான் கடைசி.

வரும் சனிக்கிழமை பள்ளியில் இரங்கல் கூட்டம். தாளாளர் தலைமை. பேசுகிறவர்களில் என் பெயரும் இருக்கிறது. அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, ‘சாந்தமானவங்க, எல்லாரையும் அனுசரிச்சுப் போனவங்கன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க சார், போதும்’ என்றார்கள். தனலட்சுமி டீச்சர் சாந்தமானவர் அல்ல. அனுசரித்துப் போனவரும் அல்ல. கோபத்தோடு வாழ்ந்தார், யாரையும் மன்னிக்காமல் போனார். அவர் கோபப்பட்ட விஷயத்தில் நியாயம் இருந்தது. இறந்த பிறகாவது அதை அவரிடமிருந்து பிடுங்காமல் இருப்போம்.

அவர் என்னிடம் விட்டுப்போனது ஆஸ்பத்திரியில் கேட்ட அந்தக் கேள்விதான். நான் இன்னும் அந்தப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை மேடையில் ஏறி, தலைமை நாற்காலியில் இருப்பவரைப் பார்த்து, நடந்ததை அப்படியே சொல்லப்போகிறேன். வர முடிந்தவர்கள் வாருங்கள்.