முப்பத்திரண்டும் பதினேழும்

கொரோனாவின் இரண்டாம் அலை. அண்ணனுக்குக் காய்ச்சல் தொடங்கி ஒன்பது நாள், அண்ணிக்கு இரண்டே நாள். பரிசோதனை முடிவுகள் ஒன்றாக என் போனுக்கு வந்தன. இருவருக்கும் தொற்று; பக்கத்தில் சி.டி. அளவு என்று ஓர் எண். அண்ணிக்குப் பதினேழு. அண்ணனுக்கு முப்பத்திரண்டு.

அண்ணன் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் தரம் பிரிப்பவர். தோலின் மேல் உள்ளங்கையை ஓட்டி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கடைசியில்தான் மூலையில் எண் எழுதுவார். ஒன்று என்றால் அருமையான சரக்கு. எண் ஏற ஏறக் கழிவு. இதையும் அந்தக் கணக்கிலேயே படித்தார்.

"அவ ஃபர்ஸ்ட் குவாலிட்டிடா... நான்தான்... ரிஜெக்ட்டு."

நான் திருத்தினேன். பரிசோதனைக்கூடத்தில் கேட்டுவைத்திருந்தேன்: இங்கே எண் கம்மி என்றால் கிருமி ஜாஸ்தி. வேலூர் மருத்துவமனையில் ஒரே ஒரு படுக்கை கிடைத்திருந்தது. பதினேழை வண்டியில் ஏற்றிவிட்டு அண்ணனிடம் வந்தேன்.

"உனக்குக் கிருமி கம்மிண்ணா. நீ தேறிட்ட."

அவர் தலையாட்டினார். படுக்காமல் உட்கார்ந்தே இருந்தார், இரண்டு கைகளையும் கட்டில் விளிம்பில் ஊன்றியபடி. பார்த்தேன். பார்த்தும் பார்க்கவில்லை.

பள்ளிகொண்டா டோல்கேட்டில் அண்ணி பேசினார்.

"தம்பி, நாலு வார்த்த சொல்றதுக்குள்ள மூணு தடவ மூச்சு வாங்குனாரு. வண்டியத் திருப்புங்க."

முப்பத்திரண்டு அண்ணி, என்றேன். திருப்பவில்லை.

மருத்துவமனையில் அண்ணியின் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்த டாக்டர், இவர் வீட்டிலேயே இருக்கலாம் என்றார். நான் எண்ணைக் காட்டினேன். மூக்கில் எவ்வளவு கிருமி என்பதைத்தான் அது சொல்லும், நுரையீரல் படும் பாட்டைச் சொல்லாது என்றார். இரண்டாம் நாள் கிருமி நிறைந்திருக்கும், ஆள் நடமாடுவார். ஒன்பதாம் நாள் கிருமி வற்றியிருக்கும், அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பே நெஞ்சைப் புண்ணாக்கும். வீட்டில் வேறு யாருக்கு, எத்தனை நாளாக என்று கேட்டார். நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி வண்டிக்கு நடந்துவிட்டார்.

ஆம்பூர் வந்தபோது அண்ணனின் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. பின்சீட்டில் அண்ணியின் தோளில் சாய்த்து உட்காரவைத்தோம். அவருடைய மார்பின் மேல் அண்ணி உள்ளங்கையை விரித்து வைத்திருந்தார். கண்ணாடியில் அந்தக் கை ஏறியது, இறங்கியது. நான் சாலையைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், சாலையைப் பார்த்தேன்.

அதே டோல்கேட்டைத் தாண்டியபோது கை அசையவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

"மெதுவாவே போங்க தம்பி" என்றார் அண்ணி. கையை எடுக்கவில்லை.