அளவு ஜாக்கெட் மூட்டை

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். அப்போது நாங்கள் பென்னாகரத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு அரசாங்கத்தில் கொசு ஒழிப்புப் பிரிவில் கிளார்க் வேலை. எனக்கு வீட்டிலேயே தையல். முன்னறையில் ஜன்னலை ஒட்டி என் மிஷின், பக்கத்தில் சுவர் அலமாரி, அதன் கீழ்த்தட்டில் பழைய வேட்டியில் கட்டிய ஒரு மூட்டை. நான் சொல்லப்போவது அந்த மூட்டைக்கு நேர்ந்த கதிதான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூட்டையில் இருந்தவை அளவு ஜாக்கெட்டுகள். பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஆண்களுக்குச் சொல்கிறேன். டேப் வைத்து அளவெடுக்க எங்கள் ஊரில் பாதிப் பேர் கூச்சப்படுவார்கள். உடம்புக்குக் கச்சிதமாக உட்கார்ந்த பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, "இதே அளவுக்குத் தெச்சுடும்மா, கை மட்டும் ஒரு விரக்கடை எறக்கிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வாடிக்கையாக வருகிறவர்கள் அதைத் திரும்ப வாங்கிப் போவதும் இல்லை. என்னிடமே கிடக்கும். சாயம் போயிருக்கும், அக்குளில் கிழிந்திருக்கும். பார்க்கிறவர்களுக்குக் கந்தல்தான். ஆனால் அது என்னை நம்பி அவர்கள் கொடுத்து வைத்தது.

அதில் ஒரு வெளிர்நீல ஜாக்கெட் மட்டும் தனி. அது ஒரு டீச்சருடையது. தனியாகக் குடியிருந்தார். அவருக்கு வெளியூரில் ஒரு ஆபரேஷன் நடந்திருந்தது. வயிற்றில் கட்டி என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தார். உண்மையில் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். ஊரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும், தையல்காரிக்குத் தெரியாமல் முடியாது என்பதால். அந்த நீல ஜாக்கெட்டின் இடப்பக்கம் உள்ளே மல் துணியில் பஞ்சு வைத்துத் தைத்திருந்தேன். ஒரே நாளில் வந்த வேலை அல்ல. தைப்பதும், அவர் போட்டுப் பார்த்துவிட்டு இங்கே குறை, அங்கே கூட்டு என்று கதவிடுக்கு வழியாகத் திருப்பிக் கொடுப்பதும், நான் பிரித்துத் தைப்பதுமாக மாதக்கணக்கில் ஆனது. கடைசிவரை டேப் வைக்க விடவில்லை. வெறும் உடம்பை என்னிடமும் காட்டவில்லை. அந்த ஜாக்கெட் சரியாக அமைந்த பிறகுதான் அவர் குனியாமல் நிமிர்ந்து பள்ளிக்கூடம் போனார். அதை வைத்துத்தான் மற்ற ஜாக்கெட்டுகளைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கையில் என் கணவருக்கு ஓர் ஆசை வந்தது. அவருடைய ஆபீசரின் மனைவி வழியில் உறவுக்கார அம்மா ஒருவர் பெங்களூரில் இருந்தார். பெரிய கம்பெனி அதிகாரிகள் வீடுகளில் வேண்டாத சாமானைக் கழித்து, வேண்டியதை அழகாக அடுக்கித் தருவதுதான் அவருடைய தொழிலாம். அதற்குக் கூலி உண்டாம். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வீட்டைப் பெருக்கி அடுக்க பெங்களூரிலிருந்து ஆளா? ஆனால் ஆபீசர் வீட்டை அந்த அம்மா மாற்றிக் காட்டியதிலிருந்து என் வீட்டுக்காரர் தூங்கவில்லை. நம் வீடும் அப்படி ஆக வேண்டும் என்று கெஞ்சிக் கூத்தாடி அவரை ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த அம்மா வந்தார், கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு எல்லா மூலையையும் பார்த்தார். என் மிஷினைச் சுற்றிக் கிடந்த வெட்டுத் துணிகளைப் பார்த்து, "ரொம்ப அடைசல்" என்றார். போகும்போது எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை வரேன். அதுக்குள்ள அலமாரியை எல்லாம் ஒழிச்சு வைங்க."

அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் வீட்டில் விளையாடியது. நான் தினமும் பாத்திரம் ஒழித்துப் போடுகிறவள். குழம்புச் சட்டியை ஒழித்துப் போடு என்றால், மிச்சக் குழம்பை வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிட்டுச் சட்டியைக் காலியாக்கு என்று பொருள். குழம்பைத் தெருவில் கொட்டு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். என் கணவரோ பிறந்ததிலிருந்து ஒரு பாத்திரம் ஒழித்தவர் அல்ல. அவருக்குத் தெரிந்த ஒழிப்பு, ஆபீஸ் போர்டில் எழுதியிருந்த கொசு ஒழிப்பு ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை நான் நூல்கண்டும் கொக்கியும் லைனிங் துணியும் வாங்க தருமபுரிக்குப் போனேன். பதினெட்டாம் பெருக்கு நெருங்கிக்கொண்டிருந்தது, வேலை தலைக்கு மேல் கிடந்தது. அவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், முன்னறை துடைத்து வைத்தது போல் இருக்கிறது. அலமாரியின் கீழ்த்தட்டு காலி. மேல்தட்டில் பளபளவென்று ஒரு எவர்சில்வர் தூக்கு.

"பாத்தியா? அந்தக் கந்தல் மூட்டைக்கு இத்தாம் பெரிய தூக்கு! பாத்திரக்காரம்மா சின்னதாத்தான் குடுத்துச்சு. நாந்தான் பேசி வாங்கினேன்" என்று அவர் முகமெல்லாம் பல்லாக நிற்கிறார்.

பழைய துணி வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கிற பெண்கள் அப்போது தெருத்தெருவாக வருவார்கள். அப்படி ஒருத்தியின் தலையில் ஊர்ப் பெண்களின் அளவையெல்லாம் தூக்கி வைத்து அனுப்பியிருக்கிறார்!

"அது யாரு துணின்னு உங்களுக்குத் தெரியுமாங்க? என்னைக் கேக்கணும்னு தோணலையா?"

"கிழிஞ்ச துணிய என்னத்தக் கேக்கறது? அந்தம்மா ஒழிக்கச் சொன்னாங்கல்ல?"

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். பாடாத டிரான்சிஸ்டர் இருந்த இடத்தில் இருந்தது. தேய்ந்துபோன சைக்கிள் டயர் இரண்டும் ஆணியில் தொங்கின. காய்கள் தொலைந்துபோன கேரம் போர்டு கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. அவருடைய சாமானில் ஒரு துரும்பு நகரவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்! வீட்டில் குப்பை என்று அவர் கண்ணுக்குப் பட்டது என் தொழில் மட்டும்தான்.

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. வாங்கி வந்த பையை அப்படியே போட்டுவிட்டு, துணி வாங்கினவள் பஸ் ஏறத்தான் போயிருப்பாள் என்று பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஓட்டம் முழுக்க அந்த நீல ஜாக்கெட்தான் கண்முன் நின்றது. பாத்திரக்காரப் பெண்கள் வாங்கிய துணியைக் கடைவீதியிலேயே உதறிப் பிரிப்பார்கள். பஞ்சு வைத்த ஜாக்கெட்டை ஒருத்தி தூக்கிப் பிடித்தால் போதும், நாலு பேர் பார்ப்பார்கள், யாருடையது என்று பேச்சு வரும். அந்தக் கலரை டீச்சர் உடுத்தி ஊரே பார்த்திருக்கிறது. வகுப்பில் அறுபது பிள்ளைகள் முன்னால் அவர் எப்படி நிற்பார்?

நல்லவேளை, அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டில்தான் இருந்தாள். டீக்கடைக்குப் பக்கத்தில் தரையில் மூட்டையைப் பிரித்துப்போட்டு, கந்தல் ஒரு பக்கம், தேறுவது ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தாள். ஆம்பளைகள் டீ குடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் அப்படியே துணிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"இதுங்க எல்லாம் ஊர்க்காரங்க அளவு ஜாக்கெட்டும்மா. எங்க வூட்டுக்காரர் தெரியாம குடுத்துட்டாரு. திருப்பிக் குடுத்துடு."

"நல்லா இருக்குதே! என் தூக்கு எங்க? அதக் கொண்டா, மூட்டையத் தூக்கிக்கோ" என்றாள் அவள். அவள் கேட்டதும் நியாயம்தான். ஓடி வந்த வேகத்தில் நான் தூக்கை எடுத்துவரவில்லை.

டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர், "என்னம்மா, பஸ் ஸ்டாண்டுலயே ஜாக்கெட் கடை போட்டாச்சா?" என்று இளித்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவர்தான் அகப்பட்டார். "உங்க வூட்டு ஜாக்கெட்டும் இதுலதான் இருக்குதுங்க. எடுத்துக் காட்டட்டுமா?" என்றேன். மனிதர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

என் பின்னாலேயே கணவர் சைக்கிளில் வந்து சேர்ந்தார், ஹேண்டில்பாரில் தூக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு. எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று புரியாத முகம். பாத்திரக்காரி தூக்கைத் திருப்பித் திருப்பி நசுங்கல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொண்டாள். நான் ஒவ்வொரு ஜாக்கெட்டாக எடுத்து மடித்தேன். எனக்கு அதெல்லாம் முகம் மாதிரி, எது யாருடையது என்று பார்த்ததும் தெரியும். எல்லாம் இருந்தன. நீல ஜாக்கெட்டைத் தவிர.

அந்தப் பெண் தன் பிள்ளைமேல் சத்தியம் செய்தாள். மற்ற மூட்டைகளையும் அவளாகவே பிரித்துக் காட்டினாள். இல்லை. வழியில் விழுந்திருக்கும் என்று, அவள் வந்த தெருக்களில் எல்லாம் மண்ணைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். என்ன தேடுகிறாய் என்று கேட்டவர்களிடம் மூக்குத்தித் திருகாணி என்றேன். அன்று அழுதுகொண்டே நடந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வீட்டு வாசலுக்கு வந்தால் சைக்கிள் நின்றுகொண்டிருக்கிறது. பின்சக்கரத்தின் பக்கத்தில் தரையில் நீல நிறமாக ஏதோ கிடக்கிறது. மத்தியானம் ஓடின ஓட்டத்தில் கண்ணில் படவில்லை. எடுத்துப் பார்த்தேன். டீச்சரின் ஜாக்கெட். இடப்பக்கம் கிழிந்து பஞ்சு பிதுங்கி, செயின் கிரீஸ் கருப்பாக அப்பியிருந்தது. நான் தருமபுரியில் இருந்தபோதே அதை மூட்டையிலிருந்து உருவி சைக்கிள் துடைத்திருக்கிறார்.

"துடைக்கறதுக்கு நல்லா மெத்துனு இருந்துச்சு" என்றார் உள்ளேயிருந்து. பிறகு சிரித்துக்கொண்டே, "எந்த மகராசி அப்படி ஒரு பக்கம் மட்டும் பஞ்சு வெச்சுத் தெச்சிருக்கறா?" என்றார்.

என் உடம்பெல்லாம் எரிந்தது. அந்த மகராசி யார், அவள் என்ன பட்டாள், அந்தப் பஞ்சு அங்கே எதற்கு என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொன்னால்தான் என் கோபம் நியாயம் என்று அவருக்குப் புரியும். ஆனால் சொல்லிவிட்டால், பஸ் ஸ்டாண்டில் நடக்காமல் தப்பியது என் வாயால் நடந்துவிடும். இன்று புருஷனிடம் சொன்னால் நாளைக்கு ஆபீஸ், நாளன்றைக்குக் கடைவீதி.

"அது யாருதும் இல்லீங்க. நாந்தான் புது மாதிரி பழகறதுக்குத் தெச்சுப் பாத்தேன்" என்றேன்.

"இதுக்கா இந்த ஆட்டம் ஆடினே?" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் அந்தக் கிரீஸ் ஜாக்கெட்டைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப் போனது. ஜாக்கெட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பிதுங்கிய பஞ்சை விரலால் உள்ளே தள்ளினார்.

"உங்க வூட்டுக்காரரு கேட்டாரா, இது யாருதுன்னு?"

"கேட்டாரு டீச்சர்."

"என்ன சொன்னே?"

"நான் பழகறதுக்குத் தெச்சதுன்னு சொன்னேன்."

அவர் அந்தக் கிழிசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத்தன வருஷம் தெச்சும் இன்னும் பழகிக்கிட்டுத்தான் இருக்கறான்னு உன்னைப் பேசுவாங்களேம்மா" என்றார். சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் அழுதுவிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டார்.

"டேப் கொண்டாந்திருக்கியா?"

என் கழுத்தில்தான் தொங்கியது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் உடம்பைப் பார்த்த முதல் வெளி மனுஷி நான்தான் என்று அளவெடுக்கும்போது சொன்னார். நான் வேலையை மட்டும் பார்த்தேன். இந்த முறை புது ஜாக்கெட் பிரிக்காமல் ஒரே தடவையில் சரியாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் அம்மா வந்தார். என் கணவர் நடந்ததை வேடிக்கைக் கதையாகச் சொல்ல, அந்த அம்மா சிரிக்கவில்லை. "ஒழிச்சு வைங்கன்னா எல்லாத்தையும் எடுத்துக் கீழ வைங்கன்னு அர்த்தம் சார். யாரு உங்களைப் போடச் சொன்னது? அவங்கவங்க சாமானை அவங்கவங்கதான் கழிக்கணும். என் தொழில்ல அதான் முதல் பாடம்" என்றார். முதல் பாடத்தை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! எனக்கு அவர்மேலும் கோபம்தான். காபி கொடுத்து, எங்கள் வீட்டை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று அனுப்பிவிட்டேன்.

டீச்சர் ஓய்வு பெற்று இன்று தம்பி வீட்டில் நன்றாக இருக்கிறார். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "அப்ப என்னைத் தெரிஞ்சவங்க ஊர்ல யாரும் மிச்சமில்ல, எழுது. பேரு மட்டும் வேண்டாம்" என்றார். என் கணவர் மட்டும் இன்றுவரை, கல்யாண வீடுகளில் உறவுக்காரர்கள் கூடினால், பழகத் தைத்த ஜாக்கெட்டுக்காக நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிய கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறார். ஒவ்வொரு தடவையும் எனக்கு அதே எரிச்சல் வருகிறது, ஒவ்வொரு தடவையும் பேசாமல் இருக்கிறேன். நான் எழுதுவதை அவர் படிப்பவரும் அல்ல. எத்தனையோ பேருக்கு எத்தனையோ தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என் தொழிலில் நான் ஒழுங்காகச் செய்த வேலை எது என்று யாராவது கேட்டால், அன்று என் கணவர் சிரித்தபோது வாயைத் திறக்காமல் நின்றேனே, அதைத்தான் சொல்வேன்.