ஸ்வாவாவுக்கு ஒரு வரி

எங்கள் ஊரில் யாராவது சுயசரிதை எழுதிவிட்டால் அதை ஒருவரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. டிசம்பர் மாதம் கூட்டுறவுக் கடைக்குப் புத்தகம் வந்து இறங்கும். போகிறவர்கள் ஈரக் கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நேராகக் கடைசிப் பக்கங்களைத் திருப்புவார்கள். அங்கே பெயர் அட்டவணை இருக்கும். புத்தகத்தில் தலைகாட்டிய அத்தனை பேரும், அவரவர் வரும் பக்கங்களும். முதலில் தன் பெயரைத் தேடுவார்கள், அது இல்லாவிட்டால் தனக்கு ஆகாதவன் பெயரை. அட்டவணை இல்லாத புத்தகத்தை ஐஸ்லாந்தில் ஓசியில் கொடுத்தாலும் வாங்க ஆள் கிடையாது.

ஆகவே கெஸ்துர் தன் வாழ்க்கையைச் சொல்லப் போகிறான் என்று தெரிந்ததும் ஊருக்கே மூக்கு வியர்த்தது. 'ஹஃப்ரூன்' என்ற மீன்பிடிப் படகின் கேப்டனாகத் தலை நரைக்கும்வரை கடலில் கிடந்தவன் அவன். ஒரு ஆளைக்கூடக் கடலுக்குப் பறிகொடுக்காதவன். அகுரேரியில் இருக்கும் பதிப்பகம் ஒன்று பக்கத்து ஊர் வாத்தியார் தோர்ஃபியை அவனிடம் அனுப்பியது. சனிக்கிழமை மதியங்களில் தோர்ஃபி டேப் ரெக்கார்டரோடு வருவான். கெஸ்துர் பேசுவான், தோர்ஃபி அதைப் புத்தகமாக்குவான். எங்கள் ஊர்ப்பக்கத்து சுயசரிதைகளில் பாதி இப்படிப் பிறந்தவைதான்.

கெஸ்துரின் மனைவி ஸ்வாவாவுக்கு இதில் கிடைத்த இடம் அடுப்படி. காபி போடுவதும் பான்கேக் சுடுவதும் அவள் பொறுப்பு. கதவை மட்டும், வெளியே பேசுவது கேட்கும் அளவுக்குத் திறந்து வைத்திருந்தாள். முதல் வாரம் கெஸ்துர் பிறந்து வளர்ந்த பண்ணை. இரண்டாம் வாரம் முழுக்க அவன் தாத்தாவின் கொம்பில்லாத செம்மறிக் கிடா. ஸ்வாவா அவசரப்படவில்லை. ஆட்டுக்கே இவ்வளவு என்றால் பெண்டாட்டிக்கு எவ்வளவு என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு மாவைக் கரைத்தாள்.

மூன்றாம் வாரம் மெக்கின் வந்தாள்.

"அந்தக் கோடையில ஹெர்ரிங் மீன் உப்புப் போடற தளத்துல பீப்பாய் உருட்டிட்டிருந்தேன்," என்று கெஸ்துர் ஆரம்பித்தான். "எனக்கு நேர் எதிர்ல மெக்கின்னு ஒரு பொண்ணு. கை என்ன வேகம்னு நினைக்கற? மீனை எடுக்கறது தெரியாது, அடுக்கினது தெரியும். வேலை முடியறவரைக்கும் பாடிக்கிட்டே இருப்பா."

"அழகா இருப்பாங்களோ?" என்று தோர்ஃபி வாயைக் கிண்டினான்.

"அழகா? அவ புருவத்துல மீன் செதிள் ஒட்டியிருக்கும்யா. வெயில் பட்டா மினுங்கும். அதைத் துடைச்சு விடலாமான்னு எனக்குக் கை பரபரக்கும்."

"துடைச்சீங்களா?"

"ஆகஸ்ட்டுல துடைச்சேன்."

இரண்டு ஆண்களும் சேர்ந்து சிரித்தார்கள். அடுப்படியிலிருந்து புகை வந்தது.

"கருகிப்போச்சா ஸ்வாவா?" என்று கெஸ்துர் குரல் கொடுத்தான்.

"ஆமா," என்றாள் ஸ்வாவா. "நல்லாவே கருகிப்போச்சு."

அந்தப் பெயரை அதுவரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. மூன்று பிள்ளை பெற்று, அவன் கம்பளிச் சட்டையில் விழுந்த ஓட்டையை எல்லாம் அடைத்து, அவன் குறட்டையை வைத்தே காற்று எந்தப் பக்கம் என்று சொல்லும் அளவுக்குப் பழகியவளுக்கு, மெக்கின் என்று ஒருத்தி இருந்தது தெரியவில்லை. வயிறு எரிந்தது. அறுபத்தெட்டு வயதில் பொறாமை வருமா என்று கேட்கிறவர்கள் அந்த வயதைப் பார்க்காதவர்கள். இருபதில் வரும் பொறாமைக்கு அழுது தீர்க்க வழி உண்டு. இது நெஞ்சில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. இன்னொன்றும் அவளைக் குத்தியது. அவளும்தான் மீன் ஆலையில் வருடக்கணக்காகக் கத்தியும் கையுமாக நின்றாள். அவள் புருவத்திலும்தான் செதிள் ஒட்டியது. வீட்டுக்கு வந்து தானே கழுவிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கெஸ்துர் துறைமுகத்துக்குக் கிளம்பியதும் டெலிபோன் டைரக்டரியை எடுத்தாள். எங்கள் நாட்டில் குடும்பப் பெயர் கிடையாது, டைரக்டரியிலும் முதல் பெயர்தான் வரிசை. தோர்ஃபி கேட்டபோது மெக்கினின் ஊரைக் கெஸ்துர் மறக்காமல் சொல்லியிருந்தான். அந்த ஊரில் அந்தப் பெயருக்கு ஒரே ஒருத்திதான் இருந்தாள். என்ன பேசுவது என்று யோசிப்பதற்குள் விரல் எண்ணைச் சுழற்றிவிட்டது.

"கெஸ்துரா? எந்த கெஸ்துர்?" என்றது மறுமுனையில் ஒரு கனத்த குரல்.

"ஹெர்ரிங் தளத்துல. பீப்பாய் உருட்டின கெஸ்துர்."

"அங்க பீப்பாய் உருட்டாதவன் யாரும்மா? எப்படி இருப்பான்?"

"உயரமா இருப்பான். காது கொஞ்சம் பெருசு."

"காது பெருசா... இரு, இரு. டான்ஸ்ல என் காலை மிதிச்சானே, அவனா? இல்லையே, அவன் பேரு வேற. தங்கச்சி, எனக்கு ஞாபகமே இல்ல. ஏன், செத்துட்டானா?"

"சாகல. நல்லாத்தான் இருக்கான்," என்று ரிசீவரை வைத்தாள் ஸ்வாவா. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். மாறாக அவளுக்குக் கோபம்தான் வந்தது. என் புருஷனை மறக்க இவள் யார் என்று ஒரு கோபம். ஒரு கேசட் முழுக்க இடம் பிடித்தவளுக்கு இடம் கொடுத்தவனின் முகம்கூடத் தெரியவில்லை. முகம் மறக்காதவளுக்குப் புத்தகத்தில் இன்னும் ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. இந்த டெலிபோன் சங்கதியை மட்டும் அவள் கெஸ்துரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவள் அவனுக்குச் செய்த ஒரே தர்மம் அதுதான்.

நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் தினமும் காலையில் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவது எங்கள் வழக்கம். அங்கே போக்கா என்று ஒருத்தி இருந்தாள். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் விடுவாளா?

"கேப்டன் எது வரைக்கும் வந்திருக்காரு?"

"நல்லாப் போயிட்டிருக்கு," என்றாள் ஸ்வாவா.

"உனக்கு எத்தனை பக்கம்?"

தொட்டியில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

"ஒரு அத்தியாயம்," என்றாள் ஸ்வாவா. "முழுசா."

சொன்ன பிறகு வெந்நீரிலும் குளிர்ந்தது. டிசம்பரில் எல்லாரும் அட்டவணையைத் திருப்பத்தான் போகிறார்கள்.

கல்யாணக் கதை வரவேண்டிய சனிக்கிழமை அவள் தலைமுடியைச் சுருட்டி அலங்கரித்துக்கொண்டாள். தங்க விளிம்பு வைத்த கோப்பைகளை இறக்கினாள். அடுப்படியில் நிற்காமல், பின்னல் வேலையோடு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். கெஸ்துர் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அந்த வருஷம் நான் வோப்னஃப்யோர்துர் ஊரு ஸ்வாவாவைக் கட்டிக்கிட்டேன்."

ஊசி நின்றது. கேசட் சுழன்றது.

"கல்யாணம் எப்படி நடந்துச்சு?" என்று தோர்ஃபியே கேட்டான், அவளை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

"வடகிழக்குக் காத்து. நல்ல பனி. பாதிரியார் லேட்டு." இவ்வளவுதான். பிறகு அவன் முகத்தில் விளக்குப் போட்டதுபோல ஒரு வெளிச்சம் வந்தது. "அந்த வருஷக் கடைசியிலதான்யா ஹஃப்ரூனை வாங்கினோம்!"

ஹஃப்ரூனின் இன்ஜினுக்கு ஒரு கேசட் ஆனது. அது அலையில் ஏறி இறங்கும் ஒயிலுக்கு இன்னொன்று. எங்கள் ஊரில் படகை ஓர் ஆணும் 'அது' என்று சொல்வதில்லை, 'அவள்' என்றுதான் சொல்வார்கள். கெஸ்துர் 'அவள்' 'அவள்' என்று உருகுவதை ஸ்வாவா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். ஒரு காலுறையின் குதிகாலை இரண்டு தடவை பின்னிவிட்டாள்.

தோர்ஃபி போனதும் உப்புமீனும் உருளைக்கிழங்கும் மேசைக்கு வந்தன. தட்டு வைத்த சத்தமே சரியில்லை.

"மெக்கினுக்கு ஒரு கேசட். படகுக்கு ரெண்டு. எனக்கு ஒரு வரி," என்றாள்.

"இதென்ன கணக்கு? அவ ஒரு கோடை. நீ வாழ்நாள் முழுக்க இருக்கறவ."

"அப்ப அந்த வாழ்நாளைச் சொல்லு."

  கெஸ்துரிடம் எத்தனையோ குறை உண்டு, ஆனால் பொய் சொல்லத் தெரியாது. உருளைக்கிழங்கை முட்கரண்டியால் உருட்டியபடி யோசித்தான்.

"என்னத்தைச் சொல்றது ஸ்வாவா? அந்தக் கோடையில அவளை தினமும் காலைல இருந்து பொழுது சாயறவரைக்கும் பாத்தேன். உன்னை அப்படி நான் எப்பப் பாத்தேன்? கடல்ல இருந்து வருவேன், தூங்குவேன், துணி மாத்துவேன், போயிடுவேன். தெரியாததை நான் எப்படிச் சொல்ல?"

அவன் மழுப்புவான், சமாதானம் சொல்வான் என்று எதிர்பார்த்து அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தாள். அவன் சொன்னதோ உண்மை. மெக்கினைப் பற்றிக் கேட்டபோது எரிந்தது. இதைக் கேட்டபோது வலித்தது.

அடுப்படி அலமாரியில் அந்தப் பழைய ரேடியோ இன்னும் இருந்தது. அந்தக் காலத்தில் அதைப் படகுகளின் அலைவரிசைக்குத் திருப்பி வைப்பார்கள். கேப்டன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது கேட்கும். தினமும் சாயங்காலம் அவள் கெஸ்துரின் குரலைக் கேட்டபடிதான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். எங்கே மீன் கிடைத்தது, எங்கே வலை கிழிந்தது, எந்தப் புயலில் அவன் குரல் தடுமாறியது எல்லாம் அவளுக்குத் தெரியும். தோர்ஃபிக்கு அவன் சொன்ன கடல் கதைகளில் அவளுக்குப் புதியது ஒன்றும் கிடையாது. ஆனால் அடுப்படியிலிருந்து கடலுக்கு ரேடியோ இல்லை. அவன் கதை முழுக்க அவளிடம் இருந்தது, அவள் கதையில் ஒரு வரிதான் அவனிடம் இருந்தது.

"தெரியலன்னா கேட்டிருக்கலாமே," என்றாள். கெஸ்துர் மீனில் முள் தேடிக்கொண்டிருந்தான்.

அடுத்த சனிக்கிழமை தோர்ஃபி பட்டனை அமுக்கப் போன நேரம், ஸ்வாவா ஏப்ரனை அவிழ்த்துக் கெஸ்துரின் மடியில் போட்டாள்.

"இன்னைக்கு நீ சுடு. மாவு கரைச்சு வெச்சிருக்கேன்."

"விளையாடாத. இது என் பேர்ல வர்ற புத்தகம்."

"வீடும் உன் பேர்லதான் இருக்கு. அதுல யாரு இருந்தா?"

தோர்ஃபி தும்மல் வந்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். கெஸ்துர் எழுந்து போனான். ஏப்ரன் நாடா அவன் இடுப்பைச் சுற்ற எட்டவில்லை.

அவன் நாற்காலியில் ஸ்வாவா உட்கார்ந்தாள். இத்தனை வருடம் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தது இப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. காபியை ஒரு வாய் குடித்தாள். பிறகு, குழாய்த் தண்ணீர் உறைந்துபோன முதல் குளிர்காலத்தைச் சொன்னாள். மாமியார் அவள் சுட்ட ரொட்டியைக் கோழிக்குப் போட்டதைச் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு சூடு பிடித்தது. மூத்தவள் பிறந்த கதைக்கு வந்தாள்.

"இவன் மேற்குக் கடல்ல இருந்தான். எனக்கு வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற மலைப்பாதை மூடியிருந்துச்சு. பால் வண்டி ஓட்டற லூத்விக் பனிவண்டியைக் கொண்டுவந்து என்னைத் தூக்கி உள்ள உக்கார வெச்சான். உச்சியில போய் வண்டி நின்னுபோச்சு. ஒரே வெள்ளை. கை நீட்டினா கை தெரியாது. அவன் கோட்டைக் கழட்டி எனக்குப் போத்திட்டு, தெரிஞ்ச பாட்டெல்லாம் பாடினான். எல்லாம் குடிகாரப் பாட்டு. காத்துச் சத்தம் எனக்குக் கேக்கக் கூடாதுன்னு கத்திக் கத்திப் பாடினான். அவன் சட்டையை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டிருந்தேன்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"அவன் இமை பூரா பனி உறைஞ்சிருந்துச்சு," என்றாள் ஸ்வாவா. "கண்ணைத் திறக்க முடியாம பாடிட்டிருந்தான். நான் துடைச்சு விட்டேன்."

வலியோடு கிடந்த ஒரு பெண்ணுக்கும் பயந்துபோன ஒரு டிரைவருக்கும் நடுவில் அதற்கு முன்னும் பின்னும் எதுவும் இல்லை. லூத்விக் கல்லறைக்குப் போயும் பல காலம் ஆகிவிட்டது. அவள் இதை மறைத்தும் வைக்கவில்லை. கேட்க ஆள் இல்லாததால் சொல்லாமல் விட்டது, அவ்வளவுதான். ஆனால் அதை இப்போது சொல்லும்போது அவளுக்கு எப்படி இனித்தது!

புகை வந்தது.

"கருகிப்போச்சா கெஸ்துர்?" என்றாள் சாவதானமாக.

கெஸ்துர் கரண்டியோடு வாசலில் வந்து நின்றான். காது இரண்டும் சிவந்திருந்தன.

"லூத்விக்கா? பால் வண்டி லூத்விக்கா? என்கிட்ட நீ சொன்னதே இல்லையே!"

"நீ கேட்டதே இல்லையே."

"அவன்... அதுக்கப்புறமும் இங்க வந்துட்டிருந்தானா?"

ஸ்வாவா தோர்ஃபியைப் பார்த்தாள். "டேப் ஓடுதா?"

"ஓடுது," என்றான் தோர்ஃபி.

"ஓடட்டும்." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "டிசம்பர்ல புத்தகம் வரும். பின்பக்கம் திருப்பி, அவன் பேருக்கு எதிர்ல எத்தனை பக்கம்னு பாத்துக்க."

கெஸ்துர் அடுப்படிக்குத் திரும்பிப் போகவில்லை. ஏப்ரனோடு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். "முதல்ல இருந்து சொல்லு," என்றான். "இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்னையில இருந்து. ஒண்ணும் விடாம சொல்லு."

உள்ளே இன்னொன்று கருகிக்கொண்டிருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.