சிவப்பு மையில் அடித்த வரி

கொரோனா இரண்டாவது தடவை வந்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இது தொடங்கியது. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் ரோட்டில் இறங்கி, உள்ளே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் ஊர். அங்கே நடுநிலைப் பள்ளியில் நான் தமிழ் டீச்சர். பள்ளி ஆண்டு விழாவோ, ஊராட்சியில் சுதந்திர தினமோ, மைக் கடைசியில் என் கைக்குத்தான் வரும். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பதும் நான்தான். என் குரலைப் பற்றி எனக்கு ஏகப்பட்ட கர்வம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

அன்றைக்குக் காரைக்குடியில் ஒரு வேலையை முடித்துவிட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். சிவகங்கையில் யாரோ ஒருவர் கொரோனா ஊசி போட்டாராம், மறுநாளே இறந்துவிட்டாராம். பாதிதான் காதில் விழுந்தது. மீதியை நானே நிரப்பிக்கொண்டேன்.

சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து வீட்டுக்கு வந்தால், எங்கள் அன்பியத்து வாட்ஸ்அப் குழுவில் ஊசியைப் பற்றித்தான் பேச்சு. அன்பியம் என்பது எங்கள் தெருக்களில் உள்ள குடும்பங்கள் சேர்ந்து ஜெபம் செய்கிற குழு. போடலாமா, வேண்டாமா என்று ஆளுக்கு ஒன்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சும்மா இருக்க முடியுமா? போனை வாய்க்கு அருகில் வைத்துப் பேசினேன். சிவகங்கையில் நடந்ததைச் சொன்னேன். யாரும் அவசரப்பட வேண்டாம், இரண்டு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் அழுத்தம் வேண்டும் என்று தோன்றியது. "நானே நேர்ல பாத்தேன்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். மேடையில் அப்படி ஒன்றைப் போட்டால் சலசலக்கிற கூட்டம் அடங்கும். அந்தப் பழக்கதோஷம்.

குழுவில் கும்பிடு போட்ட கைகளாக வந்து குவிந்தன. என் அக்காவும் எழுதியிருந்தாள், நல்லவேளை நீ சொன்னாய் என்று.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அடுத்த தெருவில் தனியாக இருந்தாள். மச்சான் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அக்காவுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று அப்பாவோடு மல்லுக்கு நின்றவள் அவள்தான். நான் சொன்னால் அது சரியாக இருக்கும் என்பதில் அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

அடுத்த சில வாரங்களில் தேர்தல் வேலைக்குப் போகிற ஆசிரியர்களெல்லாம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். நானும் போட்டுக்கொண்டேன். ஒரு நாள் கை வலித்தது. மறுநாள் வழக்கம்போல வாசல் தெளித்தேன், சாம்பார் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதைக் குழுவில் சொல்லவில்லை. சொன்னால், அப்போது அப்படிச் சொன்னீர்களே டீச்சர் என்று யாராவது கேட்பார்களே என்று இருந்தது.

ஈஸ்டர் முடிந்த வாரம், சுகாதார ஆய்வாளர் என்னை ஊராட்சி அலுவலகத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். வெயிலில் அலைந்து கறுத்துப்போன மனிதர். அதிர்ந்து பேசமாட்டார். ஊசியைப் பற்றிய வதந்தியை ஒழிக்க ஊராட்சி அதுவரை சும்மா இருக்கவில்லை. வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டினார்கள், அதில் ஊசியைவிடத் தலைவர் படம்தான் பெரிதாக இருந்தது. தண்டோராவும் போட்டுப் பார்த்தார்கள். முகாம் நடத்தினால் நர்ஸும் நாற்காலிகளும்தான். ஜனம் எட்டிப் பார்க்கவில்லை.

ஆய்வாளர் தன் போனை மேசைமேல் வைத்து ஒரு ஆடியோவை ஓடவிட்டார். என் குரல், அன்பியத்துக் குழுவில் பேசியது. எனக்குக் காது சுட்டது.

திருக்கோஷ்டியூர்ப் பக்கம் ஒரு முகாமில் உட்கார்ந்திருந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள் என்று சொன்னார். சிவகங்கையில் அவரே விசாரித்துவிட்டாராம். இறந்தவருக்கு மாரடைப்பு. ஊசியே போட்டுக்கொள்ளவில்லை, அவருடைய முறையே வந்திருக்கவில்லை.

"நீங்க அவுகள நேர்ல பாத்தீகளா டீச்சர்?" என்று கேட்டார்.

அவர் மறுபடி கேட்கவில்லை. ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். ஆட்டோவில் மைக் கட்டி ஊர் முழுக்கப் போடுவதற்கான வாசகம். ஊசியால் ஆபத்தில்லை, நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் பள்ளிக்கூடத்தில் நடக்கும் முகாமுக்கு வாருங்கள், சர்க்கரை உள்ளவர்கள் தள்ளிப்போடாதீர்கள் என்றெல்லாம் எழுதியிருந்தது. கடைசி வரி மட்டும் அவர் கையெழுத்தில் தனியாக இருந்தது. 'வாட்ஸ்அப்பில் முன்பு பேசியது நான்தான். நான் எதையும் நேரில் பார்க்கவில்லை. அது தப்பு.'

அந்த வரி வேண்டாம் சார் என்றேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள் பொய் சொன்னேன் என்று ஊரெல்லாம் மைக்கில் சொன்னால், நாளைக்கு எந்தப் பிள்ளை என்னை மதிக்கும் என்று கேட்டேன்.

"மத்ததையெல்லாம் யாரு வேணாலும் வாசிக்கலாம் டீச்சர். இந்த ஒரு வரிக்காகத்தான் ஒங்களக் கூப்பிட்டேன்" என்றார்.

நான் கைப்பையைத் திறந்து, நோட்டுத் திருத்துகிற சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். பதினேழு வருஷமாகப் பிள்ளைகளின் பிழைகளை அடித்த பேனா. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, சரி டீச்சர், உங்கள் விருப்பம் என்றார். கோபம்கூட இல்லை. அந்தக் குரலில் இருந்தது சலிப்பு என்று இப்போது புரிகிறது.

ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்க்க வேர்க்க ஊராட்சிச் செயலரின் போனில் பேசினேன். ஒரே தடவையில் முடிந்தது. ரேடியோவில் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்றார் செயலர். மறுநாளிலிருந்து காலையும் மாலையும் ஆட்டோ சுற்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எங்கள் தெருவுக்குள் வரும்போது வாசலில் வந்து நின்று கேட்பேன். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. எனக்கே பிடித்திருந்தது.

பள்ளிக்கூடத்து முகாமுக்கு அக்கா வரவில்லை. அவள் வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் வேட்டியை விரித்துக் கூழ்வத்தல் பிழிந்துகொண்டிருந்தாள். கீழே தெருவில் ஆட்டோ என் குரலோடு போய்க்கொண்டிருந்தது. வா அக்கா, இப்போதே போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்றேன். நானே போட்டுக்கொண்டேன், ஒன்றும் ஆகவில்லையே என்றேன்.

அவள் பிழிவதை நிறுத்தவில்லை. ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"ஒன்னய கவர்மென்ட்டு போடச் சொல்லுச்சு, போட்ட. பேசச் சொல்லுச்சு, பேசுன. ஒன் வேலை அப்படி, நான் தப்புச் சொல்லல. ஆனா எங்களுக்காகச் சொன்னது அன்னைக்குக் குழுவுல சொன்னியே, அது ஒண்ணுதான்டி."

அப்படியெல்லாம் இல்லை அக்கா என்றேன்.

"அப்ப நீ நேர்ல பாத்தவரு?"

அங்கே வேறு யாரும் இல்லை. மைக் இல்லை, பிள்ளைகள் இல்லை, ஊர் இல்லை. நானும் அவளும்தான். நான் பார்க்கவில்லை அக்கா என்று சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அக்காவிடம் பொய்க்காரியாக நிற்பது, ஊர் முன்னால் நிற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அது வேற விசயம்க்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். எனக்காகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது அந்த முகம். போகும்போது போன வாரத்து வத்தலை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் ஊரடங்கு போட்டார்கள். அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மூன்று நாள் என்னிடம் மறைத்தாள். நாலாம் நாள் போனில் பேசும்போதே மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸில் சிவகங்கை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, ஊசி போட்டிருக்கிறார்களா என்பது. இல்லை என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். அவர் ஏன் என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அங்கே அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாவது நாள், என்னை உள்ளே விட்டபோது, அக்கா முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டு என்னிடம் கேட்டாள்.

"ஏடி, இப்ப அந்த ஊசியப் போடச் சொன்னா போடுவாகளா?"

குணமாகட்டும், போட்டுக்கொள்ளலாம் என்றேன். அதுவும் ஒரு பொய். அவளிடம் கடைசியாகச் சொன்ன பொய். இரண்டு நாள் கழித்து அவள் போய்விட்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் எங்களை எட்ட நிறுத்திவிட்டார்கள். மொத்தமே ஆறு பேர். முகத்தைப் பார்க்க முடியவில்லை. யாரோ ஒருவர் போனை உயர்த்திப் பிடித்து, சிங்கப்பூரிலிருந்த மகனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பங்குச் சாமியார் வாசகப் புத்தகத்தை வழக்கம்போல என்னிடம் நீட்டினார். எங்கள் ஊரில் வாசிப்பது நான்தானே. புத்தகத்தைத் திறந்தேன். எழுத்து தெரிந்தது. வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே வாங்கி வாசித்தார். நான் துக்கத்தில் இருக்கிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். துக்கம்தான், ஆனால் அதைவிட பயம். அந்தக் குரலை நானே கேட்க வேண்டியிருக்குமே என்ற பயம்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் அக்கா மகன் எனக்கு ஒரு ஆடியோவை அனுப்பினான். அவன் தங்கியிருக்கிற இடத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் அனுப்பினானாம். கீழே எழுதியிருந்தான்: 'சித்தி, இது ஒங்க குரல் மாதிரி இருக்கு. நீங்களா?'

பிறகு எழுதினேன். 'நான்தான்யா. நான் நேர்ல பாக்கல. பொய் சொன்னேன்.' அவன் படித்துவிட்டான் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மறுநாள் காலை ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். ஆய்வாளர் முகாம் கணக்கு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரியைப் பேச வந்திருக்கிறேன் என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"இனிமே அது வேண்டாம் டீச்சர். இப்ப ஜனம் விடியுமுன்ன வரிசையில நிக்கிது. எங்ககிட்டத்தான் மருந்து இல்ல" என்றார்.

ஊரில் அதற்குள் நாலைந்து சாவு விழுந்திருந்தது. நோட்டீஸும் பேனரும் என் சுத்தமான உச்சரிப்பும் செய்யாததை அந்தச் சாவுகள் செய்துவிட்டன. என் ஒப்புதல் யாருக்கும் தேவைப்படவில்லை. ஆனாலும் பேசியே தீருவேன் என்று நின்றேன். அவர் ஃபைலிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்துக் கொடுத்தார். சிவப்புக் கோட்டுக்குக் கீழே அந்த வரி நன்றாகவே தெரிந்தது. ஜன்னலைச் சாத்தினோம். பேசினேன். குரல் கரகரத்து, இடையில் உடைந்து, ஒரு இடத்தில் நின்றேவிட்டது. திரும்ப எடுக்கலாமா என்றார் செயலர். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

அடுத்த நாள் ஆட்டோ வந்தபோது நான் என் வாசலில் நிற்கவில்லை, அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். வீடு பூட்டிக் கிடந்தது. மாடியில் கூழ்வத்தல் வேட்டி ஒரு ஓரத்தில் காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்தது, எடுத்து மடிக்க ஆளில்லாமல். ஆட்டோ என்னைத் தாண்டிப் போனது. நான் எதையும் நேரில் பார்க்கவில்லை, அது தப்பு என்று என் குரல் சொல்லிக்கொண்டே தெருமுனை திரும்பியது. எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். அவ்வளவுதான் நடந்தது.

தப்பை ஒத்துக்கொண்ட டீச்சர் என்று ஊரில் சிலர் இப்போது என்னைப் பெருமையாகக்கூடச் சொல்கிறார்கள். மைக்கைக் கொடுக்க வருகிறார்கள், நான் வாங்குவதில்லை. பழைய ஆடியோ மட்டும் எங்கேயோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, போன வருஷம்கூட ஒரு கல்யாண வீட்டில் யாரோ எனக்கே போட்டுக் காட்டினார்கள். மாடியில் மாவுக் கையோடு என் எதிரே உட்கார்ந்திருந்த ஒரே ஒருத்தி கேட்க வேண்டிய வரி அது. அவள் கேட்டபோது விழுங்கிவிட்டு, அவள் இல்லாத தெருவில் மைக் வைத்துச் சொன்னவள் நான்.